ஏழு லட்சமும் இரண்டு சென்ட்டும்

கேள்வி: நான் புதுவயலில் வசிக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 7 லட்சம் ரூபாய் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. 18 பவுன் நகையும் உண்டு. நிலத்தில் போட்டால்தான் பணம் பெருகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது இரண்டு வாய்ப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, காரைக்குடிக்கு வெளியே புதிதாகப் பிரிக்கும் மனை. 1,200 சதுர அடி, சதுர அடி 450 ரூபாய், பாதிப் பணம் இப்போது, மீதியை 24 மாதத் தவணையில் கட்டலாம். மற்றொன்று, பக்கத்து ஊரில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. 6 லட்சத்துக்குத் தருகிறார்கள். நகையை அடகு வைத்தாவது இரண்டையும் வாங்கிவிடலாமா? நாங்கள் குடியிருக்கும் வீடு 74 வயதான மாமனார் பெயரில் இருக்கிறது. அதன் முன்னால் சாலையை ஒட்டி இரண்டு சென்ட் சும்மா கிடக்கிறது. அதைத் தவிர வேறு சொத்து எதுவும் இல்லை.
— ஒரு வாசகி, புதுவயல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் கடைசி இரண்டு வரிகள்தாம் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், வங்கிகளுக்காகச் சொத்து மதிப்பீடு செய்யும் என் தொழிலில் பழகிப்போன ஒரு கேள்வியை உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டுக்கோ மனைக்கோ நாங்கள் அறிக்கை எழுதும்போது, இன்றைய சந்தை மதிப்பை எழுதுவதோடு, அவசரத்துக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் தனியே எழுதுவோம். இதற்குக் கட்டாய விற்பனை மதிப்பு என்று பெயர். கடன் கொடுப்பவருக்கு இந்த இரண்டாவது எண்ணில்தான் அக்கறை அதிகம். பெரிய முதல் உள்ளவர் ஒரு சொத்தில் பத்து ஆண்டு மாட்டிக்கொண்டாலும் வேறொன்றை விற்றுச் சமாளித்துவிடுவார்; முழுச் சேமிப்பும் 7 லட்சமாக இருக்கும் குடும்பத்துக்கு, வாங்கும் விலை எவ்வளவு மலிவு என்பதைவிட, ஒரு மருத்துவச் செலவு வந்தால் எத்தனை நாளில் எவ்வளவு நஷ்டத்தோடு அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியும் என்பதுதான் முக்கியம். உங்களிடம் வந்திருக்கும் இரண்டையும் இந்தக் கண்கொண்டுதான் பார்க்கிறேன்.

பழைய வீட்டின் பங்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆசை காட்டுவதும் அதுதான், ஆபத்து அதிகமானதும் அதுதான். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் கொண்ட ஒரு மாளிகையில் பதினொன்றில் ஒரு பாகம் 6 லட்சம் என்றால் யாருக்கும் மனம் சற்று அசையத்தான் செய்யும். கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் இத்தகைய வீடுகள் சில தங்கும் விடுதிகளாகி நல்ல பெயர் எடுத்திருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் முழு வீட்டையும் பங்காளிகள் அனைவரின் ஒப்புதலோடு வாங்கியோ நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்தோ, பெரும் பணம் போட்டுச் செப்பனிட்டால்தான் அது விடுதியாகும். ஒரு பங்கை வாங்கியவர் அந்த வீட்டு முகப்பில் ஒரு பலகைகூடத் தம் விருப்பத்துக்கு மாட்ட முடியாது.

சட்டம் இதில் வெளியாளுக்கு எதிராகவே நிற்கிறது என்பதைப் பலரும் அறிவதில்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவின்படி, பிரிக்கப்படாத குடும்பத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை அந்தக் குடும்பத்தைச் சேராத ஒருவர் வாங்கினால், மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. அதாவது, வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் விற்றவருக்கு என்று வழிவழியாக விடப்பட்டிருந்த அந்த ஓர் அறைக்குள்கூட நீங்கள் பூட்டைத் திறந்து நுழைய உரிமை கோர முடியாது. உங்களுக்கு உள்ள வழி பாகப்பிரிவினை வழக்குத் தொடுப்பது மட்டுமே. அப்படித் தொடுத்தால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் தன் 4-ஆவது பிரிவில், குடும்பத்துப் பங்காளி ஒருவர் முன்வந்து உங்கள் பங்கை நீதிமன்றம் நிர்ணயிக்கும் மதிப்புக்குத் தாமே வாங்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி, கடைசியில் யாரோ நிர்ணயிக்கும் விலைக்கு விற்றுவிட்டு வருவதற்காக 6 லட்சம் போட வேண்டுமா என்று யோசியுங்கள்.

பதினொன்று என்ற கணக்கையும் நான் அப்படியே நம்ப மாட்டேன். அது ஆண் பிள்ளைகளை மட்டும் எண்ணிய பழைய கணக்கா, பெண்களையும் சேர்த்ததா என்று முதலில் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கு நிகரான பங்கு உண்டு. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்திவிட்டது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் எதுவும் இல்லாத வீட்டில், திருமணமாகிப் போன அத்தைமார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் எண்ணத் தொடங்கினால் பதினொன்று இருபதாகவும் முப்பதாகவும் ஆகலாம். அவர்களில் சிலர் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் இருக்கலாம். விற்பவர் வெளிநாட்டிலிருந்து யாருக்கோ கொடுத்த பவர் பத்திரத்தின் பேரில் இந்த விற்பனை நடக்கிறது என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்த அன்றே பொதுவாக அந்தப் பவரும் இறந்துவிடுகிறது. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால், விலை எவ்வளவு சிறியதானாலும் அவருடைய ஆதாய வரிக்காகப் பிடித்தம் செய்து அரசுக்குக் கட்ட வேண்டிய பொறுப்பு வாங்குபவரான உங்கள் தலையில் விழும். 50 லட்சத்துக்குக் கீழே பிடித்தம் இல்லை என்று ஊரில் சொல்வது உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கு மட்டுமே பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் இதைப் போன்ற ஒரு பங்கை வாங்கியவர், அதன்மேல் கடன் வேண்டும் என்று வங்கியை அணுக, மதிப்பிட என்னை அனுப்பினார்கள். வீட்டின் மொத்த மதிப்பு பெரிது. தூண் ஒன்றின் விலையே கண்ணைக் கவரும். ஆனால் அவருடைய பங்கு எந்தச் சுவரில் தொடங்கி எந்தச் சுவரில் முடிகிறது என்பதற்குப் பதில் இல்லாததால், கட்டாய விற்பனை மதிப்பு என்ற இடத்தில் நான் எதையும் எழுத முடியவில்லை. கடன் கிடைக்கவில்லை. போன மழைக்காலத்தில் அந்த வீட்டின் இரண்டாம் கட்டு ஓடு சரிந்ததாகவும், யார் செலவழிப்பது என்று பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். இப்படி நின்று நின்று இற்றுப்போகும் வீடுகளின் கதவும் நிலையும்தான் கடைசியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வந்து சாய்ந்து நிற்கின்றன. அந்த வீடுகள் வருமானத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய வருமானத்தைக் கொண்டு வாழ்வதற்காகக் கட்டப்பட்டவை. அவற்றின் அழகை மதிக்கிறேன். உங்கள் சேமிப்பை வைக்கும் பெட்டியாக அவற்றை மதிக்க மாட்டேன்.

மனைக்கு வருவோம். இதை நான் அடியோடு மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் முறையில் வாங்க வேண்டாம் என்கிறேன். 5,40,000 ரூபாய் விலையுள்ள மனைக்குப் பாதிப் பணமாக 2,70,000 கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல், அதாவது உங்கள் கணக்கில் 54,000 ரூபாய்க்கு மேல், மனை போடுபவர் முன்பணம் வாங்கக் கூடாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எந்த மனைப்பிரிவும், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலோடு, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் இனிமேல்தான் வரும், அதுவரை தவணை கட்டிக்கொண்டிருங்கள் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம். ஒப்புதல் இல்லாத மனையைப் பின்னால் வரன்முறைப்படுத்தி ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். அந்தத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக வந்தது, இன்று கல் நடும் நிலத்துக்கு அது உதவாது. இன்னொன்று, தவணை முடிகிற 24 மாதமும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் மனை விற்பவரிடம் இருப்பது நிலமே அல்ல, நில உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தம் மட்டுமே.

ஒப்புதலெல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பெரியவர்கள் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, எடுக்காமல் ஆண்டை முடிக்க மாட்டார்கள். நாமும் அந்தப் பழக்கத்தில் ஒரு சிறு ஐந்தொகை எடுப்போம். இப்போதைய விதிப்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, ஆகவே உங்கள் பெயரில் வாங்கினால் 8 சதவீதம், 43,200 ரூபாய். தரகு 2 சதவீதம் என்றால் 10,800. ஆக மொத்தம் 5,94,000. விற்கும்போதும் 2 சதவீதம் தரகு கொடுத்தால், சதுர அடி ஏறத்தாழ 505 ரூபாய்க்குப் போனால்தான் போட்ட முதல் முழுதாகக் கைக்கு வரும். முழுப் பணத்தையும் இன்றே கட்டி, மூன்று ஆண்டுகள் கழித்து விற்பதாகவும், வங்கியில் கிடைத்திருக்கக்கூடிய வட்டி 6 சதவீதம் என்றும் கொண்டால், சதுர அடி ஏறத்தாழ 600 ரூபாய்க்கு விற்றாலும் நீங்கள் ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்திருக்க மாட்டீர்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அதே மனைப்பிரிவில் விற்காமல் மீந்த மனைகளை உரிமையாளரே தள்ளுபடியில் விற்றுக்கொண்டிருந்தால், உங்கள் மனையைத் தேடி யார் வருவார்?

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானதும், செட்டிநாட்டிலுள்ள பழைய விமான ஓடுதளம் மறுபடி உயிர்பெறும் என்று அவ்வப்போது எழும் பேச்சும் மனை விளம்பரங்களுக்கு நல்ல தீனி. மாநகராட்சி என்ற பெயர்ப்பலகை வந்ததால் ஒரு பொட்டலில் குடியிருப்பு வந்துவிடாது. சொத்து வரி வேண்டுமானால் வரும். எதிர்காலத்தில் மனை வாங்குவதானால், பக்கத்து மனைகளில் ஏற்கெனவே விளக்கு எரிகிற, பால்காரர் வருகிற தெருவில், ஒன்றரை மடங்கு விலையானாலும் சிறிய மனையாகப் பாருங்கள். நம் பகுதி கண்மாயும் ஊருணியும் நிறைந்தது. கோடையில் சமதளமாகத் தெரிகிற இடம் வரத்துக்காலாகவோ கண்மாயின் நீர்ப்பிடிப்பாகவோ இருக்கக்கூடும். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நிலத்தின் வகைப்பாட்டையும் புலப்படம் என்கிற எல்லை வரைபடத்தையும் பார்ப்பதோடு, ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அங்கே போய் நின்று பாருங்கள். எந்தச் சான்றிதழும் சொல்லாததை அந்த ஒரு நாள் சொல்லிவிடும். வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒரு சொல்: பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும், பதியாத உயிலையும், வீட்டுக்குள் பேசிப் பிரித்துக்கொண்ட பாகத்தையும், கேட்காமல் விடப்பட்ட வாரிசையும் காட்டாது. கோவில் நிலம் ஏதேனும் கலந்திருக்கிறதா என்பதையும் தனியே விசாரிக்க வேண்டும்.

நகையை அடகு வைப்பதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. மாதா மாதம் வருமானம் தராத ஒன்றை வாங்க, மாதா மாதம் வட்டி ஓடும் கடனை வாங்காதீர்கள். உங்கள் குடும்பத்தில் ஒரே நாளில் பணமாக மாறக்கூடியது அந்த 18 பவுன்தான். அது பெட்டியிலேயே இருக்கட்டும்.

கணவர் வெளிநாட்டில் வேலை செய்வதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலத்தையும் பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே மலிவாக வருகிறது என்று யாரேனும் புஞ்சை நிலத்தை அவர் பெயருக்கு எழுதச் சொன்னால் இணங்காதீர்கள். அவர் அனுப்பிய பணத்தில் உங்கள் பெயரில் வாங்கும் சொத்தின் வாடகை, வருமான வரிக் கணக்கில் அவருடைய வருமானத்தோடு சேர்க்கப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். எங்கே வாங்கினாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற வேண்டாம். வாங்கியவருக்கு அதே அளவு அபராதம், உங்களுக்கோ கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாத நிலை.

இனி அந்த இரண்டு சென்ட். கடிதத்தில் "வேறு சொத்து எதுவும் இல்லை" என்று எழுதுவதற்கு முன் வந்துபோகும் அந்த 871 சதுர அடியைத்தான் உங்கள் முதல் முதலீடாக நான் பார்க்கிறேன். நிலத்துக்கு விலை இல்லை, தரகு இல்லை, 8 சதவீதத் தீர்வையும் இல்லை. யார் அண்டை வீட்டார், மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயலில் சாலையை ஒட்டிய ஒரு கடைக்கோ, குளியலறையோடு கூடிய ஒரு வாடகை அறைக்கோ ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். ஆனாலும் என் நினைப்பை நம்பாமல், உங்கள் சாலையிலேயே ஐந்தாறு கடைக்காரர்களிடம் வாடகையையும், கடை எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 250 சதுர அடி, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,000 ரூபாய் என்றால் 5 லட்சம். வாடகை 4,000 ரூபாய் கிடைப்பதாகவும், ஆண்டில் ஒரு மாதம் காலியாக இருப்பதாகவும், வரிக்கும் பழுதுக்கும் 6,000 போவதாகவும் கொண்டால் மீதம் 38,000. போட்ட பணத்துக்கு 7.6 சதவீதம். வாடகை 3,000-தான் என்றால் 27,000, அதாவது 5.4 சதவீதம், அப்போது வங்கி வட்டியே மேல், கட்ட வேண்டாம்.

நான் முதலில் சொன்ன அளவுகோலை இதன்மேல் வைத்தால் இதுவும் தோற்றுவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. சொந்த வீட்டு முகப்பிலுள்ள ஒரு கடையைத் தனியே அவசரத்துக்கு விற்க முடியாதுதான். அதனால்தான் முழு 7 லட்சத்தையும் இதில் இறக்க வேண்டாம் என்கிறேன். ஒன்றரை லட்சம் வைப்புத்தொகையாகவே இருக்கட்டும், அரை லட்சம் பத்திரச் செலவுக்கும் ஒப்புதல் கட்டணத்துக்கும் ஒதுங்கட்டும். விற்க முடியாவிட்டாலும் மாதந்தோறும் தன் விலையில் ஒரு துண்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும் சொத்தும், விற்கும் நாள்வரை எதுவும் தராத சொத்தும் ஒன்றல்ல.

ஆனால் ஒரு செங்கல் வைப்பதற்கு முன், அந்த இடம் யாருடையது என்பது தீர வேண்டும். இன்று அது மாமனாருடையது. நாளை ஒரு துயரம் நேர்ந்தால் உங்கள் கணவரும் அவருடன் பிறந்தவர்களும் மாமியாரும் பங்காளிகள். உங்கள் சேமிப்பில் எழுந்த கடையும் அப்போது பங்குக்கு வரும். பக்கத்து ஊர் வீட்டுக்கு நேர்ந்தது உங்கள் வீட்டில் தொடங்கும். அந்த இடம் மாமனார் சுயமாகச் சம்பாதித்ததானால், அதை மட்டும் மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட்டாக அவர் எழுதித் தரலாம். பூர்விகம் என்றால் நாத்தனார்களும் சம்மதித்துப் பாகப்பிரிவினையோ, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுத வேண்டும். குடும்பத்தினருக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வை உச்சமாக 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் உச்சமாக 10,000 ரூபாய்தான். இரண்டு சென்ட்டுக்கு அதைவிடக் குறைவாகவே ஆகும். எந்த வகையானாலும் நாத்தனார்களுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். சட்டம் அனுமதித்தாலும், பின்னால் வழக்குக்கு வருவது பெரும்பாலும் மறைத்துச் செய்ததுதான். அவர்களுக்கு மனக்குறை இராதபடி, மாமனார் வேறு வகையில் அவர்களுக்கு என்ன செய்யப்போகிறார் என்பதையும் அதே நாளில் பேசி முடித்துவிடுவது நல்லது.

வாடகைக்கு விடும்போது முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதி. அந்தச் சட்டப்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகார அமைப்பிலும் பதிந்துகொள்ளுங்கள். கடைக்கு மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் தனியே வாங்க வேண்டும். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

வைப்புத்தொகையில் கொஞ்சத்தை எடுத்து ரியல் எஸ்டேட்டில்தான் போட வேண்டும் என்ற ஆவல் அப்போதும் இருந்தால், ரீட் என்று அழைக்கப்படும் முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகள் பங்குச்சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. முதலாவது 2019-இல் பட்டியலிடப்பட்டது. 2021 முதல் ஒரே ஓர் அலகைக்கூட வாங்கலாம். பெருநகரங்களின் அலுவலகக் கட்டடங்களும் வணிக வளாகங்களும் ஈட்டும் வாடகையில், பகிரத்தக்க தொகையின் 90 சதவீதத்துக்குக் குறையாமல் அலகு வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது விதி. விலை ஏறி இறங்கும். ஆனால் வேண்டாம் என்று தோன்றினால் சந்தை நாளில் விற்றுவிட்டு வரலாம். 20,000, 30,000 என்ற அளவில் பழகிப் பார்ப்பதில் தவறில்லை.

முதல் வேலையாக மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். சாலையை ஒட்டிச் சும்மா கிடக்கும் இடங்களில் ஒரு பகுதி நெடுஞ்சாலைத் துறையின் புறம்போக்காக இருப்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் நாம் கோலம் போட்டு வந்ததால் அது நம்முடையதாகிவிடாது. சர்வேயர் கல் ஊன்றிய பிறகு இரண்டு சென்ட்டும் முழுதாக இருக்கிறதா, ஒன்றேகால்தான் தேறுகிறதா என்று எழுதுங்கள். அங்கே என்ன கட்டலாம் என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.